டெப்பில் "அந்த அப் இல்லை": அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்வது

வெள்ளவத்தையில் நாங்கள் இருக்கும் மாடிக்குடியிருப்பில் யாருடைய டெப் கரைச்சல் கொடுத்தாலும் இரண்டு நாளில் அது எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு வந்துவிடும். நான் ரிப்பேர்காரன் இல்லை. பகலில் கணக்கு ஒஃபிஸில் வேலை, பின்னேரத்தில் இந்தப் பைத்தியம். கொண்டுவருபவர்கள் சொல்வதும் ஏறக்குறைய ஒரே வசனம்தான்: "தம்பி, இதில அந்த அப் இல்லை."

திறந்து பார்த்தால் செயலி பெரும்பாலும் எங்கேயோ இருக்கும். கணக்கின் நாடு மாறியிருக்கும், மென்பொருள் பழசாகியிருக்கும், திரை ஓர் அங்குலம் கூடியிருக்கும், எழுத்துரு இல்லாதிருக்கும். சில வேளைகளில் உண்மையிலேயே அந்த வேலை டெப்புக்கு உரியதாக இருக்காது. அதைக் கண்டுபிடிப்பதும் பழுது பார்ப்பதில் சேர்த்திதான்.

கை வைப்பதற்கு முன் ஒரு துண்டுத் தாள் கேட்பேன். அதில் செயலிகளின் பெயரை எழுத விடமாட்டேன், செய்கிற வேலையை எழுதச் சொல்வேன். "வேர்ட் வேணும்" என்பது வேலை இல்லை. "சங்கத்தின் கூட்ட அறிக்கையைத் தமிழில் திருத்தி அனுப்பவேணும்" என்பது வேலை. "ஸூம் வேணும்" என்பது வேலை இல்லை. "ஞாயிற்றுக்கிழமை மகளோட ஒரு மணித்தியாலம் முகம் பார்த்துக் கதைக்கவேணும்" என்பது வேலை. அப்படி எழுதும்போதுதான் ஸூமின் இலவசக் கணக்கில் கூட்டம் 40 நிமிடத்தில் அறுந்துபோகும் என்பது நினைவுக்கு வரும், வட்ஸ்அப் வீடியோ அழைப்பே அதற்குப் போதும் என்பதும் புரியும். பொழுதுபோக்கையும் அதே தாளில் எழுத வேண்டும். அதை எழுத எல்லாரும் கொஞ்சம் வெட்கப்படுகிறார்கள். ஆனால் டெப் அதிக நேரம் திறந்திருப்பது அதற்காகத்தான்.

இனி அறிகுறிகள்.

ஸ்டோரில் தேடினால் உள்ளூர்ச் செயலி எதுவும் வருவதில்லை

கொழும்பில் இதுதான் முதலாவது வருத்தம், ஏனென்றால் எங்கள் வீடுகளிலுள்ள ஐபேட்களில் பாதி ரொறொன்ரோவிலிருந்தோ லண்டனிலிருந்தோ சூட்கேசில் வந்தவை.

நாலாம் மாடி அன்ரியின் கதை இது. மகன் கனடாவில் தன் பழைய ஐபேட்டைத் துடைத்து, தன் கையாலேயே எல்லாம் போட்டுக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அன்ரிக்கு வங்கிச் செயலி வேண்டும், வாடகைக் கார் கூப்பிடும் செயலி வேண்டும். தேடினால் இரண்டும் இல்லை. வட்ஸ்அப்பில் யாரோ அனுப்பிய இணைப்பைத் தட்டினால் "உங்கள் நாட்டில் கிடைக்காது" என்று வருகிறது. "நான் இலங்கையில தானே இருக்கிறன், இதுக்கு என்ன விசர்?" என்றார். ஐபேட்டுக்கு விசர் இல்லை. அது அன்ரி எங்கே இருக்கிறார் என்று பார்ப்பதில்லை, அந்த அப்பிள் கணக்கு எந்த நாட்டில் பதிந்தது என்றுதான் பார்க்கிறது. மகன் பதிந்தது கனடாவில்.

பார்க்கும் இடம்: செட்டிங்ஸைத் திறந்து மேலே உள்ள பெயரைத் தட்டுங்கள், மீடியா அண்ட் பர்ச்சேஸஸ், வியூ அக்கவுண்ட், கன்ட்ரி ஓர் ரீஜன். அங்கேயே இலங்கைக்கு மாற்றலாம். ஆனால் கணக்கில் ஒரு சதம் மீதி இருந்தாலும், சந்தா ஏதும் ஓடிக்கொண்டிருந்தாலும் மாற்ற விடாது. மகன் அதே கணக்கில் படம் பார்க்கிறவரென்றால் அவருக்கும் கரைச்சல்.

அதனால் நான் செய்வது வேறு. அன்ரியின் பெயரில் இலங்கை முகவரியோடு புதிய அப்பிள் கணக்கொன்று திறந்து, மீடியா அண்ட் பர்ச்சேஸஸ் என்ற ஓரிடத்தில் மட்டும் பழையதை வெளியேற்றிப் புதியதைப் போடுவேன். படங்களும் தொடர்பு இலக்கங்களும் மகன் போட்ட கணக்கிலேயே இருக்கும், கடை மட்டும் இலங்கைக் கடை ஆகிவிடும். ஒரு சிறு தொல்லை உண்டு: மகன் முன்பு இறக்கிய செயலிகளைப் புதுப்பிக்கும்போது அவருடைய கடவுச்சொல்லைக் கேட்கும். அவற்றை அழித்துவிட்டுப் புதிய கணக்கில் மறுபடி இறக்கினால் அதுவும் தீரும்.

அன்ட்ரொயிட் டெப் என்றால் இன்னும் லேசு. இரண்டாவது கூகுள் கணக்கொன்றைச் சேர்த்து, பிளே ஸ்டோரின் மூலையிலுள்ள படத்தைத் தட்டிக் கணக்கை மாற்றினால் சரி. ஒரே கணக்கின் நாட்டை மாற்றப் போனால் உள்ளூர்க் கட்டண முறை கேட்கும், ஒருமுறை மாற்றினால் அடுத்த ஒரு வருடத்துக்கு மாற்ற முடியாது. விடுமுறைக்கு வந்து நிற்பவர்கள் அவசரப்பட்டு மாற்றிவிட்டுத் திரும்பிப் போய் அவதிப்படுவார்கள்.

செயலி தெரிகிறது, ஆனால் "உங்கள் சாதனத்துக்குப் பொருந்தாது" என்கிறது

முதலில் மென்பொருளின் பதிப்பைப் பாருங்கள். 2013இல் வந்த முதல் ஐபேட் ஏர் ஐஓஎஸ் 12உடன் நின்றுவிட்டது. 2014இன் ஐபேட் ஏர் 2, ஐபேட்ஓஎஸ் 15உடன் நின்றது. கண்ணாடி பளபளவென்று இருந்தாலும் உள்ளே வயது போய்விட்டது.

பழைய ஐபேட்டுக்கு ஒரு சூட்சுமம் உண்டு. அதே அப்பிள் கணக்கு உள்ள புதிய ஐபோனில் முதலில் அந்தச் செயலியை இறக்குங்கள். பிறகு ஐபேட்டில் அப் ஸ்டோரைத் திறந்து, ஏற்கெனவே வாங்கியவை என்ற பட்டியலுக்குள் போய் அங்கிருந்து இறக்குங்கள். இந்தச் சாதனத்துக்குப் பொருந்தும் கடைசிப் பதிப்பைத் தரட்டுமா என்று கேட்டால் ஓம் என்று சொல்லுங்கள். எல்லாச் செயலியும் இதற்கு மசியாது, பழைய பதிப்பு இறங்கினாலும் உள்ளே நுழைய விடாத செயலிகளும் இருக்கின்றன. ஆனாலும் ஐந்து நிமிட வேலை, செய்து பார்க்காமல் ஐபேட்டைத் தூக்கிப் போடாதீர்கள்.

பதிப்பு புதியது, இருந்தும் பொருந்தாது என்றால், செயலியைச் செய்தவர்களே "போனுக்கு மட்டும்" என்று அடைத்து வைத்திருக்கலாம். சிம் இல்லாத டெப்பில் இது அடிக்கடி நடக்கும். இன்னொன்று, மலிவு டெப்களில் பிளே ஸ்டோரே முறைப்படி அனுமதி பெறாததாக இருக்கும். பிளே ஸ்டோரின் செட்டிங்ஸில் அபௌட் என்ற பகுதியின் அடியில் பிளே ப்ரொடெக்ட் சான்றிதழ் உண்டா இல்லையா என்று எழுதியிருக்கும். இல்லையென்றால் மேலும் மினக்கெட வேண்டாம்.

எவரோ அனுப்பும் ஏபிகே கோப்பை, அதாவது ஸ்டோருக்கு வெளியே வரும் செயலிக் கோப்பை, போட்டுவிடலாமே என்று கேட்பார்கள். விளையாட்டுச் செயலிக்கே யோசிப்பேன், காசு புழங்கும் செயலிக்கு ஒருக்காலும் செய்யமாட்டேன். அதைவிட அந்தச் சேவையின் இணையப் பக்கத்தைக் குரோமில் திறந்து, மூன்று புள்ளி மெனுவில் முகப்புத் திரையில் சேர் என்பதைத் தட்டுங்கள். ஐகன் வந்துவிடும். வீட்டில் பலருக்கு அது செயலி இல்லை என்பதே தெரியாது.

கூகுளின் கடையே இல்லை

இதற்குப் பழுது பார்க்க இடமில்லை, வாங்கும்போதே நடந்த விசயம் அது. 2019 மே மாதம் அமெரிக்கா விதித்த தடைக்குப் பிறகு வந்த ஹுவாவே டெப்களில் கூகுள் சேவைகள் கிடையாது, அப் கெலரி என்ற சொந்தக் கடைதான். அமேசனின் ஃபயர் டெப்பும் அப்படியே, அதில் அமேசனின் கடை. படம் பார்க்க, புத்தகம் வாசிக்க, பிள்ளைக்குக் கொடுக்க இரண்டுமே நல்ல சாமான்கள். ஒஃபிஸில் எல்லாரும் கூகுள் ட்ரைவில் வேலை செய்கிறார்கள் என்றால் வாங்க வேண்டாம். ஏற்கெனவே வாங்கியிருந்தால் ஜிமெயிலையும் ட்ரைவையும் பிரவுசரில் பாருங்கள். மெதுவாக இருக்கும், ஆனால் நடக்கும்.

வேர்ட் திறக்கிறது, வாசிக்க விடுகிறது, திருத்த விடுவதில்லை

என் ஒஃபிஸில் கூட வேலை செய்யும் தம்பி பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் 11 அங்குல டெப் ஒன்று வாங்கினார். கணக்கு அறிக்கையைப் பஸ்ஸிலேயே திருத்தலாம் என்று கனவு. எக்ஸலைத் திறந்தால் சந்தா கட்டு என்கிறது. பக்கத்து மேசை அக்காவின் சின்ன 8 அங்குல டெப்பில் அதே எக்ஸல் இலவசமாகத் திருத்துகிறது. கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று கடைக்குப் போகக் கிளம்பினார், பிடித்து இருத்தினேன்.

விதி இதுதான்: திரை 10.1 அங்குலம் அல்லது அதற்குக் குறைவு என்றால் மைக்ரோசொஃப்ட் தன் வேர்ட், எக்ஸல், பவர்பொயின்ட் செயலிகளில் அடிப்படைத் திருத்தத்தை இலவசமாக விடுகிறது. அதற்கு மேலே என்றால் அது வேலைக்கான கருவி என்று எடுத்துக்கொண்டு மைக்ரோசொஃப்ட் 365 சந்தா கேட்கிறது. கடையில் எந்தப் பெட்டியிலும் இது எழுதியிருக்காது. பெரிய திரைக்குக் கூடக் காசு கொடுத்து, அந்தப் பெரிய திரைக்காகவே மாதா மாதமும் கொடுப்பது.

வழிகள்: ஒஃபிஸில் கொடுத்த 365 கணக்கு இருந்தால் அதையே டெப்பில் போடலாம், பலருக்கு இருக்கிறது, ஆனால் அது தெரியாது. இல்லாவிட்டால் பிரவுசரில் வேர்டின் இணையப் பதிப்பு இலவசம். இல்லாவிட்டால் கூகுள் டொக்ஸ், ஷீட்ஸ். அட்டவணை நிறைந்த வேர்ட் கோப்பை டொக்ஸில் திறந்தால் கோடுகள் கொஞ்சம் ஆடும். கடிதத்துக்குப் பரவாயில்லை, டெண்டர் ஆவணத்துக்குச் சரிவராது.

எக்ஸல் திருத்த விடுகிறது, ஆனால் பட்டனை அழுத்தினால் ஒன்றும் நடப்பதில்லை

அந்தப் பட்டனுக்குப் பின்னால் மெக்ரோ, அதாவது எக்ஸலுக்குள் எழுதி வைத்த கட்டளைத் தொகுப்பு, இருக்கிறது. விண்டோஸ் கணினியில் எழுதிய மெக்ரோ ஐபேட் எக்ஸலிலும் ஓடாது, அன்ட்ரொயிட் எக்ஸலிலும் ஓடாது. திருத்த வழி இல்லை. கணக்கு ஒஃபிஸ்களில் விண்டோஸில் மட்டும் ஓடும் கணக்கு மென்பொருள்களுக்கும் இதே பதில். ஒஃபிஸ் கணினியை ஓடவிட்டு, தூர இருந்து திரையைப் பிடிக்கும் செயலியால் டெப்பிலிருந்து அதைப் பார்க்கலாம். மாதத்தில் ஒருநாள் அவசரத்துக்கு அது உதவும். தினமும் அப்படித்தான் வேலை என்றால் டெப்புக்கு வைத்த காசில் பழைய லப்டொப் ஒன்று வாங்குங்கள். இதை நான் சொல்லும்போது முகம் சுருங்காதவர் யாருமில்லை.

தமிழ்க் கோப்பைத் திறந்தால் இங்கிலீஷ் எழுத்தும் அரைப்புள்ளியுமாக வருகிறது

கொட்டாஞ்சேனையில் ஓய்வுபெற்ற மாஸ்டர் ஒருவர், பழைய மாணவர் சங்கச் செயலாளர். 15 வருடக் கூட்ட அறிக்கைகளை டெப்பில் போட்டுவிட்டு ஒருநாள் கோல் எடுத்தார். "தம்பி, என்ர டெப் இங்கிலீசு படிச்சிட்டுது." போய்ப் பார்த்தேன். 'தமிழ்' என்று இருக்க வேண்டிய இடத்தில் ஜே, கே, பீ, ஓ, அரைப்புள்ளி.

பார்த்தவுடனேயே தெரிந்துவிடும், பாமினி. இலங்கையில் ஒரு தலைமுறை முழுவதும் பாமினியில்தான் தட்டெழுதியது. அந்தக் கோப்பில் உண்மையில் தமிழே இல்லை. இருப்பது ஆங்கில எழுத்துகள், பாமினி எழுத்துரு அவற்றுக்கு மேல் தமிழ் வேஷம் போடுகிறது. அந்த எழுத்துரு கணினியில் இருக்கிறது, டெப்பில் இல்லை, வேஷம் கலைந்துவிட்டது. ஸ்டோரில் எத்தனை தமிழ்ச் செயலி இறக்கினாலும் இது தீராது. மாஸ்டர் ஏழு செயலி இறக்கி வைத்திருந்தார்.

வாசிக்க மட்டும் வேண்டுமென்றால், கோப்பு இருக்கும் கணினியிலேயே பிடிஎஃப்பாக மாற்றி அனுப்பச் சொல்லுங்கள். எழுத்துரு கோப்புக்குள் சேர்ந்து வரும், அழகாகத் தெரியும். அதிலிருந்து ஒரு வரியைப் பிரதி எடுத்து ஒட்டினால் மறுபடி ஜே, கே, பீ, ஓதான்.

திருத்த வேண்டுமென்றால் யூனிகோட்டுக்கு, அதாவது தமிழைத் தமிழாகவே சேமிக்கும் பொது முறைக்கு, மாற்ற வேண்டும். பாமினியை யூனிகோட்டாக்கும் இலவசப் பக்கங்கள் இணையத்தில் இருக்கின்றன, பிரவுசரிலேயே வேலை முடியும். ஆனால் இரண்டு இடத்தில் கவனம் தேவை. முதலாவது, கோப்பு முழுவதையும் அப்படியே தூக்கிப் போடாதீர்கள். மாற்றிக்கு எது உண்மையான இங்கிலீஷ், எது பாமினி என்று தெரியாது, இரண்டும் அதற்கு ஒரே எழுத்து. மாஸ்டரின் கடிதத் தலைப்பிலிருந்த மின்னஞ்சல் முகவரி வாயில் நுழையாத ஏதோ தமிழாக மாறிப்போனது. தமிழ்ப் பந்திகளை மட்டும் தெரிவுசெய்து மாற்றுங்கள். இரண்டாவது கொம்பு. பாமினியில் கொம்பை முதலில் அடித்துப் பிறகுதான் எழுத்து. யூனிகோட்டில் எழுத்து முன்னால், கொம்பு பின்னால் சேமிக்கப்படும். தரமில்லாத மாற்றி இதில் சறுக்கும். கொ, கோ, கௌ வரும் இடங்களைக் கண்ணால் பாருங்கள், கொம்பு தனியாகப் புள்ளி வட்டத்தோடு நின்றால் வேறு மாற்றியில் போடுங்கள்.

மறுபக்கமும் உண்டு. டெப்பில் அழகாக யூனிகோட்டில் எழுதி அச்சகத்துக்கு அனுப்பினால் "பாமினியில தாங்கோ" என்பார்கள். பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளை இன்னும் விடாத அச்சகங்கள் அவை, அந்த மென்பொருள் யூனிகோட்டைக் காணாது. அதே மாற்றிப் பக்கத்தைத் தலைகீழாகப் பயன்படுத்துங்கள்.

தட்டெழுதக் கஷ்டப்படுபவர்களுக்கு: கூகுளின் விசைப்பலகையில் குரல் தட்டச்சு மொழியைத் தமிழ் இலங்கை என்று வையுங்கள். இந்தியா, சிங்கப்பூர், மலேசியா என்றும் தனித்தனியாக இருக்கும். மாஸ்டர் இப்போது அறிக்கையை வகுப்பில் சொல்வது போலச் சொல்லச் சொல்ல அது எழுதுகிறது. முற்றுப்புள்ளியைத்தான் அவர் கையால் வைக்கிறார்.

வட்ஸ்அப் இலக்கம் கேட்கிறது, கொடுத்தால் போனில் அறுந்துபோகிறது

இலக்கம் கொடுக்காதீர்கள். இணைக்கும் சாதனமாகச் சேர்க்க வேண்டும்: டெப்பில் வரும் கியூஆர் குறியைப் போனின் வட்ஸ்அப்பில் லிங்க்ட் டிவைசஸ் என்ற இடத்திலிருந்து பிடியுங்கள். ஒரு போனோடு நான்கு சாதனம் வரை சேர்க்கலாம். போன் 14 நாளுக்கு மேல் திறக்கப்படாமல் கிடந்தால் இணைத்தவை எல்லாம் வெளியேறிவிடும். ஐபேட்டுக்குத் தனி வட்ஸ்அப் 2025 மே மாதம்தான் வந்தது. அதற்கு முன் யாரோ "ஐபேட்டுக்கு வட்ஸ்அப்" என்று இறக்கித் தந்த விளம்பரச் செயலி கிடந்தால் அழித்துவிடுங்கள். அது வட்ஸ்அப் செய்ததல்ல.

வங்கிச் செயலி டெப்பில் ஒட்டுவதில்லை

விட்டுவிடுங்கள். ஓடிபி வருவது போனுக்கு, பல வங்கிச் செயலிகள் ஒரே ஒரு சாதனத்தைத்தான் ஏற்கும், டெப்பில் போட்டால் போனில் அறுந்துவிடும். மாத முடிவில் கணக்குக் கூற்றைப் பெரிய திரையில் பார்க்க வேண்டுமென்றால் வங்கியின் இணையப் பக்கம் போதும். வாடகைக் கார் செயலியும் போனிலேயே இருக்கட்டும். காலி வீதியில் 11 அங்குலக் கண்ணாடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓட்டோ தேடுவதைப் பார்க்க எனக்கே நெஞ்சு பதறும். நாலாம் மாடி அன்ரிக்கும் இதைத்தான் சொன்னேன். அவர் கேட்கவில்லை, அவருடைய ஐபேட்டில் இரண்டும் இருக்கின்றன.

படம் மங்கலாக ஓடுகிறது, நெட் நன்றாக இருக்கிறது

யூடியூப் தெளிவு, நெட்ஃபிளிக்ஸ் மட்டும் மங்கல் என்றால் நெட்டைக் குறை சொல்லாதீர்கள். திருட்டுப் பிரதி எடுப்பதைத் தடுக்கும் வைட்வைன் என்ற பூட்டு டெப்புக்குள் இருக்கிறது. எல்1 தரம் இருந்தால்தான் எச்டி படம். எல்3 என்றால் சாதாரணத் தெளிவோடு நிற்கும், திரை எத்தனை புள்ளி உடையதாக இருந்தாலும். நெட்ஃபிளிக்ஸின் அப் செட்டிங்ஸில் பிளேபெக் ஸ்பெசிஃபிகேஷன் என்ற இடத்தில் எது என்று காட்டும். எல்3ஐ எல்1 ஆக்க வீட்டில் வழியில்லை. வாங்கும் முன் பார்க்க வேண்டிய விசயம் இது. கடையில் மாதிரி வீடியோ போட்டுக் காட்டுவதை நம்பாதீர்கள், அது டெப்புக்குள்ளேயே கிடக்கும் கோப்பு, அதற்குப் பூட்டுக் கிடையாது.

செயலி நடுவில் ஒரு கீலமாக நிற்கிறது, திருப்பினால் திரும்புவதில்லை

போனுக்கென்று செய்து, டெப்பை மறந்துவிட்ட செயலி. இன்ஸ்டகிராம்கூட 2010இல் தொடங்கி 2025 செப்டம்பரில்தான் ஐபேட்டுக்கென்று செயலி கொடுத்தது, அதுவரை போன் படத்தை இழுத்துக் காட்டியது. அன்ட்ரொயிட் 16 முதல், அகலம் கூடிய திரைகளில் செயலி "நான் நிமிர்ந்தபடிதான் நிற்பேன்" என்று அடம்பிடிப்பதைக் கூகுள் கட்டுப்படுத்தத் தொடங்கியிருக்கிறது. அது உங்கள் டெப்புக்கு வரும்வரைக்கும் அப்படிப்பட்ட செயலியைத் திரையைப் பிளந்து பாதியில் வையுங்கள், மறுபாதியில் வேறு ஏதாவது. கீலத்துக்கு அதுதான் இடம்.

வாசிக்கும் செயலி இருக்கிறது, ஆனால் பத்து நிமிடத்தில் கண் வலிக்கிறது

இது எனக்குப் பிடித்த வருத்தம், ஏனென்றால் நானும் இதில் கிடந்து எழும்பியவன். நூலகம் என்ற இணையத் தளத்தில் 2005இலிருந்து சேர்ந்து கிடக்கும் ஈழத்துப் புத்தகங்கள், பத்திரிகைகள், சஞ்சிகைகள் ஓர் ஆயுளுக்குப் போதும். ஆனால் அவற்றில் மிகப் பெரும்பாலானவை பக்கத்தைப் படம் பிடித்த பிடிஎஃப். எழுத்தைப் பெரிதாக்கு என்றால் ஆகாது, முழுப் பக்கத்தையும்தான் பெரிதாக்கலாம். செயலியை மாற்றி மாற்றிப் பார்ப்பதில் பயனில்லை, கணக்கு அங்குலத்தில் இருக்கிறது.

எங்கள் கதைப் புத்தகங்களின் வழக்கமான அளவு ஏறக்குறைய ஐந்தரைக்கு எட்டரை அங்குலம். மூலைக்கு மூலை அளந்தால் 10 அங்குலத்துக்குச் சற்று மேலே. ஆகவே 10.1 அங்குல அன்ட்ரொயிட் டெப்பில் அந்தப் பக்கம் கிட்டத்தட்ட உள்ளபடி நிற்கும், பதினாறுக்குப் பத்து என்ற அதன் நீள அகலமும் புத்தகத்தோடு ஒத்துப்போகும். பிள்ளைகளின் கடந்தகால வினாத்தாள் ஏ4 தாள், மூலைக்கு மூலை 14.3 அங்குலம். அது எந்தச் சாதாரண டெப்பிலும் சுருங்கித்தான் வரும். அதற்கு நாலுக்கு மூன்று என்ற சதுரத்துக்குக் கிட்டிய ஐபேட் திரை நல்லது, நீளத் திரையில் மேலும் கீழும் வெறும் கறுப்பு. வீட்டில் சாதாரண தரம், உயர்தரம் படிக்கும் பிள்ளை இருக்கிறதா, நாவல் வாசிக்கும் ஆள் இருக்கிறாரா என்பதைப் பார்த்துத்தான் திரை வாங்க வேண்டும்.

ஏற்கெனவே 8 அங்குலம் வாங்கியவர்களுக்கு: ஓரத்து வெள்ளையை வெட்டும் வசதியுள்ள வாசிப்புச் செயலி போடுங்கள். ரீட்இரா, லிப்ரெரா இரண்டும் அன்ட்ரொயிட்டில் ஆளுக்கொரு விதமாக நல்லவை. டெப்பைக் கிடையாகப் பிடித்து அரைப் பக்கம் அரைப் பக்கமாக வாசியுங்கள். ஓரத்தை வெட்டினதும் எழுத்து பளிச்சென்று பெரிதாகும். தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தரும் மதுரைத் திட்டத்தின் சங்கப் பாடல்கள் போன்றவை எழுத்தாகவே கிடைப்பதால் அந்தத் தொல்லை கிடையாது, விரும்பிய அளவுக்கு எழுத்தைப் பெருப்பிக்கலாம்.

எல்லாம் இருக்கிறது, ஆனால் ஒன்றிலிருந்து மற்றதற்குப் போய் வந்தால் முதலிலிருந்து தொடங்குகிறது

நினைவகம் போதாது. 2 ஜிபி, 3 ஜிபி டெப்பில் ஸூமும் பிடிஎஃப்பும் ஒன்றாகக் குடியிருக்க மாட்டா. பெட்டியில் 16 ஜிபி, 1 டிபி என்றெல்லாம் போட்டிருந்து, விலை மட்டும் ஒரு மலிவு போனின் விலை என்றால் அந்த எண்ணை நம்பாதீர்கள். புறக்கோட்டையில் ஒருமுறை நானே அப்படி ஒன்று வாங்கி, உள்ளதைச் சொல்லும் சிபியூ-இசட் செயலியைப் போட்டுப் பார்த்துவிட்டு, யாருக்கும் சொல்லாமல் அலுமாரிக்குள் வைத்தேன். செட்டிங்ஸ் பக்கத்தையே பொய் சொல்லப் பழக்கியிருந்தார்கள். இப்போது கடையிலேயே அந்தச் செயலியை இறக்கிக் காட்டச் சொல்வேன். மறுக்கிற கடையில் வாங்கமாட்டேன்.

சிம் போடும் டெப் என்றால் இன்னொன்று: ஐஎம்ஈஐ என்று ஆங்கிலத்தில் அடித்து ஓர் இடைவெளி விட்டு, டெப்பின் அடையாள எண்ணான அந்த 15 இலக்கங்களையும் 1909க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால், தொலைத்தொடர்பு ஆணைக்குழுவில் பதிந்த சாமானா என்று பதில் வரும். காசை எடுப்பதற்கு முன் அனுப்புங்கள்.

அச்சடிக்க முடியவில்லை

வைஃபை இல்லாத பழைய யூஎஸ்பி பிரின்டருக்கு அந்தந்தக் கம்பனியின் செயலி என்று தேடி இரண்டு பின்னேரம் போக்கிவிட்டேன், நீங்கள் போக்க வேண்டாம். கோப்பைப் பிடிஎஃப் ஆக்கி, சந்தியிலுள்ள கொமினிகேஷன் கடையின் வட்ஸ்அப்புக்கு அனுப்பிவிட்டு மெல்ல இறங்கி நடவுங்கள். நான் போய்ச் சேரும்போது தாள் சூடாகவே மேசையில் இருக்கும். மாஸ்டர் அனுப்பும் கோப்பென்றால் மட்டும் அந்தக் கடைத் தம்பி முதலில் எனக்குக் கோல் எடுத்துக் கேட்பார், "அண்ணா, இது மாத்தினதா, மாத்தாததா?"